சமநிலைக் குழுவின் பன்னிரண்டாம் கூட்டம்

"மாமா, இந்த உலகத்துலயே மானும் காரும் சரிசமமா நடத்தப்படற ஒரே இடம் நம்ம காடுதான்" என்றேன் நான்.

"அது மானுக்குத் தெரியுமா மாப்ள?" என்று கேட்டார் என் அக்காவின் கணவர்.

பத்து மாதங்களுக்கு முன், தேசியப் பூங்காவின் கேட்டருகே நடந்த பேச்சு இது. அவர் அந்தக் கேட்டின் காவலர். நான் 'சாலை மற்றும் வனவிலங்குச் சமநிலைக் குழு'வின் எழுத்தர். மாதம் ஒரு கூட்டம். அப்போது இரண்டு முடிந்திருந்தன. எவ்வளவு பெரிய பணி நடக்கிறது என்று தெரியாமல் கேட்கிறார், பாவம் என்று மன்னித்துவிட்டேன்.

"கூட்டத்துல நான் ஒரு கோரிக்கை வெக்கணும்" என்றார்.

"என்னன்னு சொல்லுங்க, நானே எழுதிக் குடுத்துடறேன்."

"நீங்க எழுதினா அழகாயிடும் மாப்ள. நானே வாயால சொல்லிக்கறேன்."

பூட்டுதான் கேட்பார் என்று எனக்குத் தெரியும். முதல் கூட்டத்தில், கேட் வேண்டும் என்றார் விலங்கியல் பேராசிரியர். சாலை மக்களுடையது, கேட் கூடாது என்றார் சாலைப் பொறியாளர். இரண்டு மணி நேரம் கைகள் மேசையைத் தட்டின. கடைசியில் தலைவர், "கேட் இருக்கட்டும், பூட்டு வேணாம்" என்றார். இருவரும் வென்றார்கள். மாமா தன் துண்டால் கேட்டைக் கட்டி வைத்தார். நம் மக்களும் நாகரிகமானவர்கள்தான். துண்டை அவிழ்த்து, மடித்துத் தூணில் வைத்துவிட்டுத்தான் காரை விரட்டினார்கள்.

வேக வரம்பிலும் அதே ஞானம். அறுபது என்றார் பொறியாளர். இருபது என்றார் பேராசிரியர். யார் மனமும் புண்படாதபடி, எண்ணே இல்லாத சிவப்பு வட்டம் ஒன்றைப் பலகையில் வரைந்து நட்டோம்.

என் பங்கும் சிறிது உண்டு. சாலையில் அடிபட்ட விலங்குகளைப் பதிய எங்களிடம் படிவம் இல்லை. விழுந்த மரங்களுக்கான நோட்டு இருந்தது. அதில் எழுதினேன்: 'போக்குவரத்துத் தடை, ஒன்று. அகற்றப்பட்டது.' தேதியும் நேரமும் துல்லியமாக இருக்கும். எங்கள் பதிவேட்டின்படி இந்தக் காட்டில் இன்றுவரை ஒரு மான்கூடச் சாகவில்லை. எத்தனை காடுகள் இப்படி மார்தட்ட முடியும்?

குழு நகரத்து அறையில் குளிர்சாதனத்தின் கீழ் உட்கார்ந்து பேசும் குழு அல்ல. காட்டுக்குள்ளேயே, விருந்தினர் மாளிகையில்தான் கூடும். 'நேரடிக் கள உணர்வு' என்று அதற்குப் பெயர். இருபத்திரண்டு உறுப்பினர்கள், இருபத்திரண்டு கார்கள். ஒரே வண்டியில் வரலாமே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"ஒரே வண்டியில வந்தா ஒரே கருத்துதான்யா வரும்" என்றார் தலைவர்.

மாலைத் தேநீர் முடிந்து, பொழுது சாயும் வேளையில் எல்லோரும் கிளம்புவார்கள். கேட்டைத் தாண்டிய முதல் வளைவில் மான்கள் சாலையைக் கடந்து குட்டைக்குப் போவதும் அதே வேளையில்தான். மற்ற நாட்களில் மாமா நடுச் சாலையில் நின்று கையைக் காட்டி வண்டிகளை நிறுத்துவார். ஒரு காது கிழிந்த பெண்மான் குட்டியோடு வரும். அதற்கு 'ஒத்தக்காது' என்று பெயர் வைத்திருந்தார். அது கடந்து முடிக்கும்வரை எந்தக் காரும் நகராது.

"கட்டிக்கிட்டு பதினாறு வருஷம் ஆச்சு, எனக்காக ஒரு சைக்கிளையாச்சும் நிறுத்தியிருக்காரா பாரு" என்பாள் அக்கா.

"நீ ரோட்டத் தாண்டினா வண்டிங்க தானா நின்னுடும்டி" என்பார் மாமா. வீட்டில் அன்று காபி கிடைக்காது.

கூட்ட நாட்களில் மட்டும் அவர் கை காட்ட முடியாது. முதல் கூட்டத்தின் நான்காம் தீர்மானம்: 'வனவிலங்குப் பாதுகாப்புப் பணியில் இருப்பதால், குழுவின் அடையாள வில்லை ஒட்டிய வண்டிகளை வழியில் நிறுத்தலாகாது.' அந்த வாக்கியம் என்னுடையது. பாராட்டு கிடைத்தது.

மாமாவின் கோரிக்கையை நிகழ்ச்சி நிரலில் ஒன்பதாவதாக, 'இதர விஷயங்கள்' என்ற தலைப்பில் சேர்த்தேன். எட்டு முடிவதற்குள் சாப்பாடு வந்துவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு எதற்கும் எதிர்ப்பு எழாது; பேச்சும் எழாது. இப்படி ஒன்பது கூட்டங்கள் போயின. மாமா ஒவ்வொரு முறையும் கதவோரம் நின்று கேட்டுவிட்டு, சைக்கிளில் திரும்பிப் போவார். நான் கண்களால் 'அடுத்த தடவை' என்பேன்.

பன்னிரண்டாம் கூட்டத்தில் எட்டும் முடிந்துவிட்டன. மணி ஒன்றரை. சாப்பாட்டு வண்டியைக் காணோம். ஓட்டுநருக்குப் போன் போட்டேன்.

"வளைவுல சின்னத் தடை சார். பம்பர் போயிடுச்சு. பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்றார். நோட்டை எடுத்துப் பதிந்தேன்.

"பத்து நிமிஷம் இருக்கா? யாராவது ஏதாவது பேசுங்கய்யா" என்றார் தலைவர், வயிற்றைத் தடவிக்கொண்டே.

கதவோரம் மாமா நின்றிருந்தார். சட்டை முழுக்க மண். நான் தலையசைத்தேன். உள்ளே வந்தார். அவர் அந்தக் கம்பளத்தை மிதித்தது அன்றுதான் முதல் தடவை.

"ஐயா, எனக்குப் பூட்டு வேணாம்" என்றார்.

பொறியாளர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

"பலகையில நம்பரும் வேணாம்."

"இவரல்லவோ பொறுப்பான ஊழியர்!" என்றார் தலைவர். நான் குறித்துக்கொண்டேன்.

"இந்த வருஷம் வளைவுல பதினாலு மான் செத்துருக்குங்க. தேதியெல்லாம் எம் மாப்ள நோட்டுல இருக்கு. அதுல பன்னண்டு, நீங்க கூடின தேதி. கூட்டத்துக்கு ஒண்ணு. வெயில் தாங்காம இன்னிக்கு மத்தியானமே தண்ணிக்கு வந்துச்சு ஒத்தக்காது. சாப்பாட்டு வண்டியிலயும் உங்க வில்லை ஒட்டியிருந்துச்சு. நான் கை காட்டல."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பேனா 'தடை' என்ற சொல்லின் மேலேயே நின்றுவிட்டது. நோட்டை மூடலாம் என்றால் கை வரவில்லை.

"சரிப்பா, வருத்தமான விஷயம்தான்" என்றார் தலைவர். "இப்ப உன் கோரிக்கை என்ன?"

மாமா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"குட்டி மட்டும் மிச்சம் இருக்குங்க. தயவுசெஞ்சு அதக் காப்பாத்தறதுக்காக இனிமே யாரும் இங்க வராதீங்க."