சிங்கத்தின் ரத்தமும் கழுதைப்புலியின் காய்ச்சலும்

ஒரு காட்டில் எந்தக் காய்ச்சல் வந்தாலும் ஒரே வெள்ளை மாத்திரையைக் கொடுத்துவந்தது ஒரு கரடி. அதுதான் அங்கே டாக்டர். பல வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கிருமிகளுக்கு மாத்திரை பழகிப்போயிற்று. மாத்திரை விழுங்கிய முயல்கள் விழுங்கிய இடத்திலேயே சுருண்டு விழுந்தன. ‘இத்தனை நாள் நான் செய்தது வைத்தியமா, குருட்டாம்போக்கா?’ என்று தன்னையே கேட்டுக் கேட்டுக் கரடி இளைத்துப்போனது. கடைசியில் நகரத்திலிருந்து பரிசோதனைப் பட்டைகளை வரவழைத்தது.

அந்தச் சமயம் பார்த்துச் சிங்கராஜாவுக்குக் காய்ச்சல். கரடி பட்டைகளோடு குகைக்குப் போனது. சிம்மாசனத்தின் மேல் புள்ளிமான் தோல் ஒன்று விரித்திருந்தது. முந்தைய டாக்டர்.

“இது என்னய்யா, காகிதத் துண்டு?” என்றது அமைச்சர் முள்ளம்பன்றி.

“இதுல மோனோகுளோனல் ஆன்டிபாடிங்கற புரதம் தடவியிருக்கு, அமைச்சரே. எல்லாம் ஒரே அச்சுல வார்த்தது. ஒரு பட்டைக்கு ஒரு கிருமியைத்தான் தெரியும். அதைக் கண்டா கப்புனு பிடிச்சுக்கும், கோடு விழும். வேற எதையும் ஏறெடுத்தும் பார்க்காது.”

“ராஜாவைக் கூடவா?”

“ராஜாவை அதுக்குத் தெரியாது.”

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன.

கரடி சிங்கத்தின் பாதத்தில் குத்தி ரத்தம் எடுத்தது. ஆற்றுநீர்க் கிருமியின் பட்டையில் கோடு இல்லை. உண்ணிக் கிருமியின் பட்டையிலும் இல்லை. மூன்றாவதில் பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு.

அது அழுகிய இறைச்சியில் மட்டும் வளரும் கிருமி.

“என்ன வியாதி?” என்று சிங்கம் வாயைத் திறந்தது. உள்ளே ஒரு பல்கூட இல்லை. குகை வாசலில் நின்ற கழுதைப்புலி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டது. வேட்டையாட முடியாத ராஜாவுக்குத் தன் அழுகிய தீனியில் மிச்சம்பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் ரகசியமாக வைத்துவருவது அதுதான் என்பது கரடிக்கு விளங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால் மான் தோலுக்குப் பக்கத்தில் கரடித் தோல். மறைத்து வேறு மருந்து கொடுத்தால் ராஜா செத்துப்போகும். அப்போதும் தோலுக்கு அதே இடம்தான்.

“அழுகின கறி தின்னா வர்ற காய்ச்சல்,” என்றது கரடி.



“யாருக்கு?” என்றது சிங்கம், மிக மெதுவாக.

கரடி மான் தோலைப் பார்த்தது. “கழுதைப்புலிக்கு, மகாராஜா.”

“ரத்தம் ராஜாவோடதாச்சே?” என்றது முள்ளம்பன்றி.

“குடிமக்கள் படுற அவஸ்தை நல்ல ராஜாவோட ரத்தத்துலதான் முதல்ல தெரியும்.”

“அப்போ மருந்து?”

“அதையும் ராஜாவே சாப்பிடணும். வேற யாருக்கு அவ்வளவு பெரிய மனசு?”

முள்ளம்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டது. கழுதைப்புலி ஏதோ சொல்ல வாயெடுத்தது. சிங்கம் அதைத் திரும்பிப் பார்த்தது. வாய் மூடிக்கொண்டது.

சரியான நோய்க்குச் சரியான மருந்து. சிங்கம் வெகு சீக்கிரம் எழுந்து உட்கார்ந்தது. குடிகளுக்காகக் கசப்பை விழுங்கிய கோமான் என்று காடே கொண்டாடியது. கழுதைப்புலியை மட்டும், குணமாகும்வரை, ஆற்றுக்கு அக்கரையில் தனியாக அடைத்துவைத்தார்கள்.

மனசு கேட்காமல் கரடி ஒருநாள் அங்கே போய் அதன் ரத்தத்தைச் சோதித்தது. கோடு விழவில்லை.

“எனக்கு என்ன, டாக்டரய்யா?”

“ஒண்ணுமில்லப்பா. நீ நல்லாத்தான் இருக்கே.”

“அப்போ எப்போ குணமாகும்?”

கரடி வெறும் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

“காய்ச்சல் வந்திருந்தா இந்நேரம் போயிருக்கும்,” என்றது.

நீதி: துல்லியமான பரிசோதனை நோயைக் கண்டுபிடித்துத் தரும். நோயாளியை நாம்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.