மூன்று மைக், ஒரு சாண் மடிப்பு

அன்பு மகளுக்கு, துணி வெட்டும் அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தையல் மிஷினும் சுகம். நீயும் உன் டிரம்ஸ் குச்சிகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உனக்குத் தைத்த கறுப்புச் சட்டையின் மடிப்புக்குள் இந்தக் கடிதத்தை வைத்து அனுப்புகிறேன். போனில் என்றால் நீ இரண்டு தடவை "சரிப்பா" சொல்வதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்து போகிறது. கடிதத்தில் யாரும் நடுவில் புகுந்து "சரிப்பா" சொல்ல முடியாது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா சொல்லிவிடுவாள். நீ சொன்னபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதை மாட்டினால் நாம் பேசுவது நமக்கே கேட்காது, அதனால் கத்துவோம் என்பதை நீ எனக்குச் சொல்லித்தரவில்லை. உன் அம்மா உள்ளிருந்து வந்து, பேங்க் மேனேஜர் பேண்ட் எங்கே என்று சைகையில் கேட்டாள். நான் "அலமாரியில இருக்கு, இடுப்பு நாப்பத்தி நாலு, ஆனா கேட்டா நாப்பதுன்னு சொல்லு, மனுஷன் மனசு உடைஞ்சிடும்" என்றேன். உன் அம்மா கண்ணை உருட்டுகிறாளே என்று திரும்பிப் பார்த்தால், பின்னால் மேனேஜர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி. மேனேஜர் பேண்டை வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாப்பத்தி மூணுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டதாம். எனக்குத்தான் கேட்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். நாடு நாடாகப் போகிற அந்த இசைக்குழுவின் தலைவர் உன் டிரம்ஸை மட்டும் தனியாகக் கேட்க வேண்டும் என்கிறார், பிடித்துவிட்டால் உன்னைச் சேர்த்துக்கொண்டு விமானம் ஏற்றிவிடுவார், பிடிக்காவிட்டால் நீ மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவாய். பதிவு பண்ணியதோ நீ வாய்ப்புத் தேடிக் கிளம்பிப் போன அன்று நம் வீட்டு முன்னறையில், அது கிடப்பதோ நம் கிழட்டுக் கம்ப்யூட்டரில், நீ இருப்பதோ மூன்று பேர் தங்கும் அறையில் ஒரு போனோடு. அதனால்தான், வேறு ஆளில்லாமல், "அப்பா, மூணு மைக்கையும் கலந்து ஒண்ணாக்கி அனுப்புங்க, நான் போன்ல சொல்றேன்" என்றாய். கலக்குவது என்றால் எனக்குத் தெரிந்தது வெள்ளைச் சட்டைக்கு நீலம் கலக்குவது. அதிலும் ஒரு தடவை சட்டை ஆகாய நிறமாகிவிட்டது, உனக்கு நினைவிருக்கும், அது உன் பள்ளிக்கூடச் சட்டை.

பெரிய இடங்களில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் வைப்பார்கள், வேண்டாததை மட்டும் குறைத்துக்கொள்ளலாம் என்றாய். நம்மிடம் இருந்தது மூன்று, அதில் ஒன்று இரவல். ஒன்று உன் தலைக்கு மேல், ஒன்று உன் வலது தோள் பக்கம், மூன்றாவது நீ காலால் மிதிக்கிற பெரிய டிரம்முக்கு முன்னால். மூன்று மைக் வைப்பதும் மூன்று காதுள்ள மாமியாரை வீட்டில் வைப்பதும் ஒன்றுதான் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது. எதையும் விட்டுவைக்கவில்லை. நடுவில் உன் அம்மா "சாப்பிட வர்றியா, எடுத்து வச்சிடவா" என்று கேட்டது இருக்கிறது. நான் தும்மியது இருக்கிறது. கீழ் வீட்டு அண்ணன் வழக்கம்போல் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தது இருக்கிறது. அந்த இடியைக் குறைக்கலாம் என்று பார்த்தால் பெரிய டிரம்மும் கூடவே குறைகிறது, தும்மலைக் குறைத்தால் நீ அடிக்கிற பித்தளைத் தட்டுகளும் மங்குகின்றன. போனில் உனக்குப் போட்டுக் காட்டியபோது, "துடைப்பம் இருக்கட்டும்பா, அது தாளத்துலதான் விழுது" என்றாய். இதை நான் அண்ணனிடம் சொன்னேன். இத்தனை வருஷம் சண்டை போட்ட மனுஷன், "அப்படியா, எந்த இடத்துல?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

அதற்கப்புறம்தான் பெரிய கண்டம் வந்தது. தலைக்கு மேல் இருந்த மைக்கை மட்டும் கேட்டால் நன்றாக இருக்கிறது. தோள் பக்கத்து மைக்கை மட்டும் கேட்டாலும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போட்டால், நீ குச்சியால் போடுகிற நடு டிரம் இருக்கிறதே, அதில் சதையே இல்லை, காலி பிஸ்கட் டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கிறது. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். "நம்மளைப் போலத்தான். தனித்தனியா ரெண்டு பேரும் நல்லவங்க, சேர்த்து வச்சாத்தான் கேக்க முடியல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இப்படியே அனுப்பிவிட்டால் என்ன, தலைவர் வேண்டாம் என்பார், பிள்ளை மாதக் கடைசியில் வந்து சேருவாள் என்று உன் அம்மா நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. நான் மவுஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு சட்டைக்குப் பித்தான் துளை போட்டுக் காஜா எடுத்தேன், பிறகு இன்னொரு சட்டைக்கும் எடுத்தேன், பிறகுதான் உனக்குப் போன் போட்டேன்.

நீ உடனே கேட்டாய், "அப்பா, அன்னிக்கு நடு டிரம்லேருந்து ரெண்டு மைக்குக்கும் ஒரே தூரம்தானே வச்சீங்க?"

"ஒரே தூரம்தான். யார் அளந்தது? டேப்போட பிறந்தவன் நான்."

"ரெண்டும் ஒரே அளவா?"

"ஒரே அளவு. தோள் பக்கம் மட்டும் ஒரு சாண் கூட விட்டேன்."

"ஏம்ப்பா?"

"வளர்ற பிள்ளை இல்லையா."

லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். பிறகு உன் அறைத் தோழிகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. "மைக் வளராதுப்பா" என்றாய். எனக்குத் தெரியாதா? தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்தே காலம் போன கை இது, பிள்ளைகளுக்கு அளவெடுத்தால் உள்பக்கம் ஒரு சாண் மடித்து விடாமல் அதற்கு நிம்மதி வராது. உன் பாவாடைகள் எல்லாவற்றையும் அப்படித்தான் வருஷா வருஷம் பிரித்து விட்டேன். உன் வலது தோளுக்குப் பக்கத்தில் டேப்பைப் பிடித்ததும் கை தன் வேலையைக் காட்டிவிட்டது. அந்த ஒரு சாண் தூரத்தால் ஒரு மைக்குக்குச் சத்தம் முன்னால் போகிறது, மற்றதற்கு மயிரிழை பிந்திப் போகிறது, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன என்று நீ விளக்கினாய். எனக்கு முழுசாகப் புரியவில்லை, ஆனால் "திரையில ரெண்டு கோடு தெரியுதா, பிந்தி வர்றதை முன்னால தள்ளுங்க, மேடும் மேடும் நேரா நிக்கணும்" என்று சொன்னாயே, அது புரிந்தது. கட்டம் போட்ட சட்டைக்குப் பித்தான் பட்டியில் கட்டத்தோடு கட்டம் சேர்க்கிற வேலை. அதை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

செய்தேன். தள்ளிவிட்டு, உன் அம்மாவும் கேட்கட்டும் என்று ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டப்பா போய்விட்டது. நடு டிரம் முன்னறையில் நின்று அடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து, "மெதுவா வாசிடி" என்றாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். கீழிருந்து துடைப்பம் இடித்தது. நான் சத்தத்தைக் குறைப்பதற்குள் அண்ணன் படியேறி வந்து, கதவுக்குள் தலையை நீட்டி, "பொண்ணு வந்துடுச்சா?" என்றார். "இல்லண்ணே, கம்ப்யூட்டர்" என்றேன். "ஓ" என்றார். அவர் இவ்வளவு மெதுவாகப் படி இறங்கி நான் பார்த்ததில்லை.

அதைத்தான் உனக்கு அனுப்பினேன். நீயும் கேட்டுவிட்டு, "இப்பதான்பா என் டிரம்ஸ்" என்றாய். கடைசி அடிக்கு அப்புறம் சும்மா நீண்டுகொண்டு போகிற வாலை வெட்டச் சொன்னாய், வெட்டினேன். தலைவர் அதைக் கேட்டுவிட்டுச் சேர்த்துக்கொண்டார் என்று நேற்று நீ போனில் சொன்னதும் நான் "அப்படியா, நல்லது" என்றேனே, அது பின்னால் ஒரு வாடிக்கையாளர் நின்றதால். மற்றபடி எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே எங்களைப் பற்றிக் கவலைப்படாதே. வீடு அமைதியாக இருக்கிறது. உன் அம்மா மத்தியானம் நிம்மதியாகத் தூங்குகிறாள். முன்னறையில் உன் டிரம்ஸ் இருந்த இடத்தில் வெட்டும் மேஜையைப் போடலாம் என்றிருக்கிறேன், நல்ல வெளிச்சம். அவசரப்பட்டு வர வேண்டாம். சுற்றி முடித்துவிட்டு ஆற அமர வா.

போகிற இடமெல்லாம் உன் கைக்கு வலியும் காலுக்குச் சோர்வும் வராமல் இருக்கட்டும். ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கவே ஆளில்லாத அப்பாவின் ஆசீர்வாதம். அம்மா வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

பின்குறிப்பு: மேலே, அப்படியே அனுப்பிவிடலாம் என்று உன் அம்மா நினைத்ததாக எழுதியிருப்பது நான் நினைத்தது. காஜா எடுத்துக்கொண்டிருந்த என்னிடம் வந்து, "போனைப் போட்டு அவகிட்டயே கேளுங்க" என்று சொன்னவள்தான் அவள். அவள் மத்தியானம் தூங்குவதில்லை, சத்தமில்லாமல் தூக்கம் வரவில்லையாம். மேஜையை மூன்று தடவை தூக்கினேன், அந்த இடத்தில் போடவில்லை. சட்டையின் கையில் உள்பக்கம் ஒரு சாண் மடித்து விட்டிருக்கிறேன், நீ இனி வளரமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கிடக்கட்டும்.

இன்னொன்று. வெட்டச் சொன்ன அந்த வாலை வெட்டினேனே தவிர, தூக்கி எறியவில்லை. வெட்டுத்துண்டை எறிகிற பழக்கம் எனக்கில்லை. வேலை முடிந்ததும் தினமும் போட்டுக் கேட்கிறேன். அதில் டிரம் கிடையாது. கடைசியாக நீ அடித்த தட்டு அதிர்ந்து அதிர்ந்து அடங்குவதும், நீ மூச்சு வாங்குவதும், கதவுப் பக்கம் என் செருப்பு ஒரு தடவை தேய்வதும்தான். தட்டு முழுசாக அடங்கும்வரை யாரும் மூச்சுக் காட்டக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தாய். வாசலில் உன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டி நின்றது. நீ குச்சி பிடித்த நாளிலிருந்து "போதும், நிறுத்து" என்று கத்தியே பழகிய நான், கழுத்தில் டேப்போடு நின்றுகொண்டு, "இன்னொரு தடவை வாசி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். தட்டு இன்னும் அடங்கியிருக்கவில்லை.