மேனேஜரிடம் நான் பேசிய ஆங்கிலம்

என் கணவருக்குக் கிடைக்கவிருந்த விடுமுறையைக் கெடுத்தவள் நானேதான். அதுவும் ஆங்கிலத்தில்.

அவர் சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் மகள் பேசத் தொடங்கியபோது செல்போனைக் காட்டித்தான் 'அப்பா' என்றாள். மணமேல்குடியில் சும்மா உட்கார்ந்து ஏங்குவானேன் என்று, சனிக்கிழமைதோறும் அறந்தாங்கிக்குப் பஸ் ஏறி ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போனேன். (ஏக்கம் குறையவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏங்கினேன், அவ்வளவுதான்.)

வகுப்பில் ஃப்ரேசல் வெர்ப் வந்தது. ஒரு வினைச்சொல்லோடு குட்டிச் சொல் ஒன்று ஒட்டிக்கொண்டால் அர்த்தமே மாறிவிடும் என்றார் ஸ்டெல்லா மிஸ். 'புட் அப்' என்றால் ஓரிடத்தில் தங்குவது. அடுத்த வாரம் மகளுக்குக் காய்ச்சல்; வகுப்புக்குப் போகவில்லை. புத்தகத்தில் அடுத்ததாக 'புட் அப் வித்' இருந்தது. 'வித்' என்றால் 'கூட' என்று தெரியும். ஆக, கூடத் தங்குவது. நானே முடிவு கட்டிவிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அவர் பரபரத்தார். "செல்வி, மேனேஜர் எங்க ரூமுக்கு வந்திருக்காரு. அடுத்த மாசம் லீவு தாரேன்னு அரை மனசா சொல்லியிருக்காரு. நீயும் ஒரு வார்த்தை கேளு. நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே."

தமிழ் தெரியாத மேனேஜர் திரையில் வந்தார். நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு மனதில் இருந்ததைக் கொட்டினேன்.

"சார், டூ இயர்ஸ். ஐ கேனாட் புட் அப் வித் மை ஹஸ்பண்ட்."

இரண்டு வருடமாக அவரோடு சேர்ந்து இருக்க முடியவில்லையே என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மேனேஜரின் முகம் வாடியது. பின்னால் நின்ற என் கணவர், பெண்டாட்டி இங்கிலீஷ் பேசுகிற பெருமையில் சொல்லுக்குச் சொல் தலையாட்டிக்கொண்டிருந்தார். மேனேஜர் ஏதேதோ சொன்னதில் 'டோண்ட் வொரி' மட்டும்தான் எனக்குப் புரிந்தது. நாலு தடவை நன்றி சொன்னேன். அன்றைக்கே வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாயிற்று.

நாலாம் நாள் போன் வந்தது.

"லீவு இல்லையாம். வீட்டுல சண்டை தணியட்டும், அதுவரைக்கும் இங்கயே இருன்னு தோளத் தட்டிக் குடுக்குறாரு. நமக்குள்ள என்ன சண்டை?"

"எனக்குத் தெரியலைங்களே."

சனிக்கிழமை ஸ்டெல்லா மிஸ்ஸிடம் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "புருஷனச் சகிச்சுக்கவே முடியலைன்னு சொல்லியிருக்கீங்க, செல்வி."

மிஸ் எழுதிக் கொடுத்த விளக்கத்தை மேனேஜருக்கு அனுப்பினேன். அதற்குள் வேறொருவர் லீவில் போய்விட்டார். என் கணவர் வந்து சேர ஐந்து மாதமாயிற்று. வெள்ளையடித்த சுவர் முழுக்க மகள் கிறுக்கி முடித்திருந்தாள்.

இன்றும் அவர் அங்கேதான். வருடத்துக்கு ஒரு மாதம் வருகிறார். நான் எதற்காவது முகம் சுளித்தால், "மேனேஜருக்குப் போன் போடவா?" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். போன மாதம் அவர் திரும்பிப் போகையில் திருச்சி விமான நிலையத்தில் பெட்டியை இறக்கும்போதும், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து அதையே கேட்டார்.

"போடுங்க," என்றேன். "இந்தத் தடவ தமிழ்லயே கேக்குறேன்."

சிரித்தார். அப்புறம் கண்ணாடிக் கதவுவரை திரும்பிப் பார்க்கவே இல்லை.