என் கொட்டகையில் உங்கள் படகு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ஈஸ்வர் அவர்களுக்கு, புதுச்சத்திரத்திலிருந்து மாமனார் நாச்சிமுத்து எழுதுவது. நானும் உங்கள் அத்தை கந்தம்மாளும் இரண்டு எருமைகளும் சுகம். உங்கள் பாய்மரப் படகும் சுகம். கோழிக் கொட்டகைதான் சுகமில்லை. போனில் சொன்னால் சிரிக்கிறீர்கள், அதனால் எழுத்திலேயே தருகிறேன்.

சென்னை அபார்ட்மெண்டில் கார் நிறுத்துமிடத்தில் படகு கூடாது என்று துரத்தியதும், முட்டை இறக்கிவிட்டுத் திரும்பிய லாரியில் ஏற்றி, "மழைக்காலம் முடியட்டும் மாமா, காலிக் கொட்டகையில் கிடக்கட்டும்" என்று அனுப்பினீர்கள். கூடவே ஒரு சீட்டு: உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவணும், பாயை மடிக்காமல் காற்றோட்டமாகத் தொங்கவிடணும், எலி கடிக்காமல் பார்க்கணும். பெண்ணைக் கட்டிக் கொடுத்தபோதுகூட நான் இவ்வளவு நிபந்தனை போடவில்லை.

கழுவினோம். ஆயுத பூஜை வந்தது. ஊர் வண்டிக்கெல்லாம் பூஜை, இதற்கு மட்டும் இல்லையா என்று உங்கள் அத்தை சந்தனம் பூசி, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்கக் குனிந்தால், சக்கரமே இல்லை. நான்கு பேராகத் தூக்கிப் பழத்தின் மேல் போட்டோம். பழத்தோடு, லாரிக்குப் பெயிண்ட் அடிக்கும் சின்னராஜின் கால் கட்டைவிரலும் நசுங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த மனுஷன் சும்மா இருக்காமல், படகின் முன்னால் 'முனியப்பன் துணை', பின்னால் 'ஹாரன் அடிக்கவும்' என்று எழுதிவிட்டார். "ஏனுங்க, நேஷனல் பர்மிட்டும் எழுதிப்போடட்டுங்களா?" என்று கேள்வி வேறு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கொட்டகையின் பக்கவாட்டுப் படுதா கிழிந்து கிடந்தது. நீங்கள் சொன்ன காற்றோட்டமும் ஆயிற்று, வரப்போகும் குஞ்சுக்குக் குளிரும் அடிக்காது என்று பாயை அங்கே இழுத்துக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை மழைக்காத்து வந்தது பாருங்க, பாய் பொம்முனு உப்பி, கம்பத்தைப் புடுங்கி, பதினோரு தகரத்தை இழுத்துக்கிட்டு மேக்கால சோளக்காட்டுல போய் எறங்குச்சு. உங்க படகு எடத்த விட்டு அசையலீங்க, என்ற கொட்டாய்தான் கெளம்பிப் போச்சு. "காத்துலயே ஓடும்னு மாப்ள சொன்னாரு, பொய் சொல்லலீங்க பாருங்க" என்கிறாள் உங்கள் அத்தை.

வெள்ளிக்கிழமை மூவாயிரம் குஞ்சு வருது. அதுக்குள்ள கூரை போடோணும், நடுவுல படகு கெடக்குது. குஞ்சை எறக்க எடமில்லீன்னா, வளக்கறதுக்குக் குஞ்சு குடுக்கற கம்பெனிக்காரன் அப்புறம் என்னை மதிக்கவே மாட்டான். மரியாதையாச் சொல்றேன் மாப்ள, வியாழக்கிழமைக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிருங்க. இல்லீன்னா அதுல தண்ணி ஊத்தி எருமையக் குளிப்பாட்டுவேன்.

நீங்களும் சரிதாவும் நோய்நொடி இல்லாமல், தண்ணீர்ப் பக்கமே போகாமல், நூறு வயசு வாழ முனியப்பன் அருளட்டும்.

இப்படிக்கு,
நாச்சிமுத்து

பி.கு.: நேற்று ஏரி நிறைந்தது. போகிற படகுதானே, ஒரு தடவை மிதக்கவிட்டுப் பார்க்கலாம் என்று சோளக்காட்டிலிருந்து எடுத்து வந்த பாயைக் கட்டி இறக்கினோம். ஏறி உட்கார்ந்த உங்கள் அத்தை, "இது இங்கயேதான் இருக்கோணுங்க, கோழிய வேணும்னா வேற எங்காச்சும் வெச்சுக்கோங்க" என்றுவிட்டாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று, எனக்கும் மனசு இளகிவிட்டது. குஞ்சுகளை அடுத்த மாதம் அனுப்பச் சொல்லிவிட்டேன். நீங்கள் வர வேண்டாம். தபாலுக்குப் போனால் தாமதம், அதனால் சின்னராஜ் இதைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். பார்த்தவுடன் போன் செய்து, படகை எப்படி நிறுத்துவது என்று மட்டும் சொல்லுங்கள். காலையில் தனியாகப் போனவள் இன்னும் ஏரி நடுவில்தான் சுற்றிக்கொண்டிருக்கிறாள். கரையில் லாரியை நிறுத்தி ஹாரனும் அடிச்சுப் பாத்துட்டம், நிக்கலீங்க.