மார்கழிக் கல்யாணமும் பூஞ்சாணத்தாரும்

வெள்ளகோவில் வட்டாரத்தில் பயிர்நோய்க்கே ‘ங்க’ போட்டுப் பேசிய ஒரே மனிதர் பூஞ்சாணத்தார்தான். இலையில் ஒரு புள்ளியைக் கண்டால் போதும், தோள் துண்டை இறக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு, “எப்ப வந்தீங்க?” என்று விசாரிப்பார். ‘பூஞ்சாணம்’ என்று பட்டப்பெயர் வைத்தவர்களும் நம்மூர்க்காரர்கள் ஆயிற்றே, கேலிக்கும் ஓர் ‘ஆர்’ சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் அவசரத்துக்கு அவருக்கே ஞாபகம் வராது.

உரமருந்துக் கடையில் வேலை. மருந்து கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில் அவருக்கு நிகர் இல்லை.

“எள்ளு அறுப்புக்குப் பத்து நாள் இருக்கைல அடிச்சு என்னங்க பிரயோசனம்? பூஞ்சாணம் பந்தி முடிச்சுக் கை கழுவிப்போட்டுது. மருந்துதான் எண்ணெய்ல ஏறி உங்க தோசைக்கல்லுக்கு வரும்.”

வந்தவர் நன்றி சொல்லிப் போவார். முதலாளி கல்லாப்பெட்டியில் நெற்றியை முட்டிக்கொள்வார்.

போன வருடம் என் அக்கா முக்கால் ஏக்கரில் சூரியகாந்தி போட்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு வெள்ளாமை வரிசையாகக் காலை வாரியிருந்தன.

“இந்தப் பூவும் போச்சுன்னா தோட்டத்த சைட்டுக்காரனுக்குக் குடுத்துப்போட்டு கோயமுத்தூருக்கே வந்தர்றேன் கண்ணு” என்றாள். சும்மா சொல்கிறவள் அல்ல. மனை பிரித்து விற்கிற ஒருவன் வந்து வேலியோரம் டேப் பிடித்து அளந்துவிட்டும் போயிருந்தான்.

மார்கழி பிறந்தது. பூக்களெல்லாம் தலை கவிழ்ந்து, முதுகு எலுமிச்சை நிறத்துக்குத் திரும்பி, நாலு நாள் வெயிலுக்குக் காத்திருந்தன. வந்தது மழை. கொட்டித் தீர்த்துவிட்டுப் போகிற மழை அல்ல. உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற தூறல். கிளி கொத்திய இடமெல்லாம் பழுப்பாகி, விரல் வைத்தால் கொழகொழவென்று உள்ளே போனது. சில பூக்களுக்குச் சாம்பல் நிறத்தில் மீசையே முளைத்துவிட்டது.

கோவையிலிருந்து லீவு போட்டு வந்து, பூஞ்சாணத்தாரை பைக்கில் ஏற்றி வந்தேன். ஒரு பூவை இரு கையாலும் ஏந்திப் பார்த்தார்.

“நல்லா சௌக்கியமா இருக்கறாங்க.”

“ஏனுங்க, பூவா?” அக்காவின் முகத்தில் வெளிச்சம்.

“பூஞ்சாணமுங்க அம்மணி.”

வெளிச்சம் அணைந்தது. அவர் நிதானமாகச் சொன்னார்: “மருந்துக்கு நேரம் தாண்டிப்போச்சுங்க. அழுகுனதத் தனியா அறுத்துக் குழில பொதச்சுப்போடுங்க. நல்லத இன்னிக்கே அறுத்தரோணும். காத்துல காய வெச்சாப் பொழைக்கும். காத்துக்கு நானாச்சு.”

அந்தக் காற்று இருந்த இடம் கல்யாண மண்டபம். மார்கழியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மண்டபம் பூட்டிக் கிடந்தது. மேனேஜர் அவருடைய சிநேகிதர். சாயங்காலத்துக்குள் டிராக்டர் டிராக்டராகப் பூ வந்து இறங்கியது. நாற்காலிக்கு நாலு பூ, பந்தி மேஜை முழுக்கப் பூ. மணமேடையில் இரண்டு கொழுத்த பூக்கள் மாப்பிள்ளையும் பெண்ணுமாகச் சாய்ந்திருந்தன. அத்தனை ஃபேனும் முழு வேகத்தில் சுழன்றன.

மார்கழியில் மண்டபத்தில் விளக்கு எரிந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஓடிவந்த ஜோடிதான் என்று முடிவு கட்டி, வெள்ளைச் சட்டையும் பட்டுச்சேலையுமாகக் கூட்டம் சேர்ந்துவிட்டது.

“பொண்ணு எந்தூருங்க?” என்றார் முன்னால் நின்ற பெரியவர்.

வாசலுக்கு வந்தவரிடம் கல்யாணமில்லை என்று சொல்ல பூஞ்சாணத்தாருக்கு நாக்கு எழவில்லை. கைகூப்பினார். “வாங்க, வாங்க. உள்ள வந்து பாருங்க.”

பெரியவர் உள்ளே போய், நாற்காலி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். “பொண்ணு வீடும் மாப்பிள்ளை வீடும் ஒரே சாடையா இருக்கறாங்களே.”

“வந்தது வந்தீங்க, ஆளுக்கொரு வரிசை திருப்பிப் போடுங்க. ஒரே பக்கம் காத்துப்பட்டா மறுபக்கம் வந்து உக்காந்துக்குவாங்க.”

“யாரு, சம்பந்தி வீடா?”

“பூஞ்சாணமுங்க.”

பட்டுச்சேலைகள் முந்தானையைச் செருகிக்கொண்டன. மறுநாளும் வந்தார்கள். பார்க்காதவர்களைக் கூட்டிக்கொண்டு அதற்கு மறுநாளும் வந்தார்கள். அக்கா டீ போட்டே களைத்தாள். ஐந்தாம் நாள் ஒரு விதையை பூஞ்சாணத்தார் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். மண்டபமே வாயை மூடிக்கொண்டு கேட்டது. டக்.

“பொழச்சுதுங்க அம்மணி” என்றார்.

தடியால் தட்டத் தட்ட, கறுப்பு மழையாக விதை உதிர்ந்தது. வயலில் பாதி போய்விட்டது. பாதி மூட்டையில் நின்றது. அக்காவுக்கு அந்தப் பாதி போதுமாயிருந்தது. சைட்டுக்காரன் போன் செய்தபோது, “தைக்கு எள்ளு போடறனுங்க. நீங்க வேற பக்கம் பாருங்க” என்று வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அங்கே ஒரு தூறல் விழுந்தாலும் கோவையில் என் போன் அடிக்கிறது. “ஏனுங்க தம்பி, மழைங்க” என்கிறார் பூஞ்சாணத்தார். பல நாள் என் ஜன்னலிலும் அதே மழை பெய்துகொண்டிருக்கும். நான் சொல்வதில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது போல, “அப்படீங்களா” என்று ஜன்னலைச் சாத்திவிட்டு, உட்கார்ந்து கேட்கிறேன்.