ஹால் சுவரில் ஈரம், ஆகவே பெண் பார்க்க வர வேண்டாம்

கொல்லயில் கிராமம்,
சனிக்கிழமை காலை.

அன்புத் தங்கை ரத்னபாய்க்கு அண்ணன் சுந்தரதாஸ் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நனையாத இடத்தில் நிற்பவர்கள் கூடுதல் சுகம். மதுரையில் நீங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் பாதியிலேயே அழத் தொடங்குவாய் என்பதால் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன்.

நாளை ஜெஸ்மியைப் பார்க்க வருகிற மாப்பிள்ளை வீட்டாரை வர வேண்டாம் என்று சொல்லிவிடு. காரக்கோணம் ஆஸ்பத்திரி வேலைக்காக என் வீட்டில் தங்கியிருக்கும் உன் மகளிடம் ஒரு குறையும் இல்லை. குறை என் ஹால் சுவரில்.

மழை தொடங்கியதும் அதில் பெயிண்ட் கொப்பளித்தது, கொத்தனார் அஜேஷ் வந்து "ஈரம் மேலேருந்து எறங்குதாக்கும் சாரே, ஷீட்டு போடணும்" என்றான், மாடியில் போட்டேன், ஷீட்டில் விழுந்த மழையெல்லாம் பக்கத்து வீட்டுச் சோமனின் விளைக்குள் பாய்ந்து அங்கே பயிரிட்டிருந்த மரச்சீனிக் கிழங்கை அழுக வைத்தது, அவர் "ஒங்க வெள்ளத்த ஒங்க விளையிலயே வச்சுக்கிடணும் சாரே" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எல்லையில் வரப்பை உயர்த்தினார், தண்ணீர் திரும்பி வந்து முற்றம் சேறானது, வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாதே என்று முற்றம் முழுக்க சிமென்ட் கல் பாவினேன், மண்ணுக்குள் இறங்க வழியில்லாத தண்ணீர் வீட்டுக்குள் இறங்கும் என்று அப்போது தெரியவில்லை. நேற்றைய மழையில் சோபா மிதக்கவில்லை, ஆனால் யோசித்தது.

அஜேஷ் மறுபடி வந்து, "இப்ப கீழேருந்தாக்கும் ஏறுது" என்கிறான். இறங்குகிறதா, ஏறுகிறதா, நடுவில் நிற்கும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மழையே இல்லாத நாளிலும் அந்தச் சுவர் நனைகிறதே, அது எப்படி? உன் மதினி சரோஜமோ, "முதல்ல நனைஞ்சது ஒரு சொவரு. நீங்க செரியாக்கின பெறவு வீடு முழுக்க நனையுது" என்கிறாள்.

போன சம்பந்தம் தட்டிப்போனபோது ஜெஸ்மி சாப்பிடாமல் கிடந்தது எனக்குத்தான் தெரியும். இந்தச் சுவரால் இன்னொன்றும் போக வேண்டாம், மக்கா. மழை ஓயட்டும்.

மச்சானுக்கு என் அன்பு. கர்த்தர் உங்கள் வீட்டையும், விசேஷமாக அதன் சுவர்களையும் காப்பாராக.

அண்ணன்,
சுந்தரதாஸ்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடு. படமெடுக்கப் போனைத் தேடும்போதே வாசலில் கார் வந்து நின்றது. பாறசாலையில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவர்கள், "பக்கமில்லியா, வீட்டுல ஏறிட்டுப் போவலாம்னு வந்தோம்" என்று சொல்லி மாப்பிள்ளை நிஜினும் அவன் அம்மாவும் நேரே ஹால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். ஜெஸ்மி கையில் துடைப்பம். அந்த அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "இதுக்குப் பொறத்த குளிமுறியா? உள்ள பைப்பு ஒடைஞ்சு கெடக்கு. மழ என்ன செய்யும், பாவம்!" என்றார். குளியலறைக்குப் போகும் டாங்க் வால்வை அடைத்ததும் சுவருக்குள் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்த தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்படியானால் ஷீட்டு எதற்கு, கல் எதற்கு? தெரியவில்லை. இப்போது நிஜின் பேன்ட்டைச் சுருட்டிவிட்டு, தண்ணீர் வெளியேற என் புதுக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறான். ஜெஸ்மி பக்கத்தில் நின்று, "அங்கோட்டு இல்ல, இங்கோட்டு வெட்டணும்" என்று அதட்டுகிறாள். அவனும் சிரித்துக்கொண்டே வெட்டுகிறான். இதைப் பெண் பார்த்ததாக எடுத்துக்கொள்ளலாமா? எதற்கும் நீ உடனே பஸ் ஏறு.