அமைதியில் முதல் பரிசு

பந்தயக்காரர்களில் பல ரகம் உண்டு. குதிரையை நம்பிப் பணம் கட்டுகிறவன், சீட்டை நம்பி வீட்டை விடுகிறவன், எதிர்வீட்டுக்காரன் கார் வாங்கிவிட்டான் என்று கடன் வாங்கிக் கார் வாங்குகிறவன். இவர்களெல்லாம் அப்பாவிகள். நான் சொல்லப்போகிற ஆசாமி வேறு. இவர் பந்தயம் கட்டுவது மன அமைதியில். அடுத்தவரைவிடத் தான் சாந்தமானவர் என்று நிரூபிப்பதற்காக ராத்திரி தூக்கம் கெட்டுப் புரள்கிறவர். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சாந்தப் பந்தயக்காரர்.

நான் அதிகம் படித்தவனில்லை. பள்ளிக்கூடமும் நானும் சின்ன வயதிலேயே ஒருவரையொருவர் கைகழுவிவிட்டோம். அப்புறம் வெறுங்கையோடு கடை வைத்து, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, வாசலில் கால் வைக்கிறவன் வாங்க வந்தவனா, விலை கேட்டுவிட்டுப் போக வந்தவனா என்று செருப்புச் சத்தத்திலேயே சொல்லிப் பழகியவன். மனிதர்களை எடை போடுவதில் என் தராசு பொய் சொன்னதில்லை. ஆகவே நம்பி மேலே படியுங்கள்.

சாந்தப் பந்தயக்காரரை எப்படி அடையாளம் காண்பது? யோகா வகுப்புக்குப் போங்கள். எல்லாரும் கண்ணை மூடியிருப்பார்கள். இவருக்கு மட்டும் ஒரு கண் லேசாகத் திறந்திருக்கும். எந்தக் கண்? பக்கத்துப் பாய் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துக் கண். ‘மெதுவாக மூச்சை விடுங்கள்’ என்றால் பக்கத்து ஆள் விடும்வரை இவர் விட மாட்டார். முகம் தக்காளியாகிக் காது சூடேறினாலும் விட மாட்டார். கடைசியில் சவாசனம் வரும். பிணம் மாதிரிக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான். அதிலும் பக்கத்துப் பாய்க்காரரைவிடத் தான் நன்றாகச் செத்திருக்க வேண்டும் என்று பாடுபடுவார்.

எனக்குத் தெரிந்த ஒருவரையே காட்டிவிடுகிறேன். டிரைவிங் ஸ்கூல் முதலாளி. ஆயுள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கற்றுக்கொள்ள வந்தவர்கள் சுவரை நோக்கி ஓட்டும்போதெல்லாம் தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை மிதித்தே ஊருக்கு உயிர்ப்பிச்சை கொடுத்தவர். வீட்டிலும் அந்தக் கால் சும்மா இருக்காது. மகள் மாடிப்படியில் வேகமாக இறங்கினால் சோபாவில் உட்கார்ந்தபடியே தரையை மிதிப்பார்.

பந்தயம் அவருக்குப் பிறவி வியாதி. பையனாக இருந்தபோது தண்ணீர்த் தொட்டியில் தலையை முக்கி யார் அதிகம் மூச்சடக்குவது என்று போட்டி போட்டு வாத்தியாரிடம் உதை வாங்கியவர், வாலிபத்தில் தண்டால் எடுத்துத் தோள்பட்டை பிசகியவர், கல்யாணமான புதிதில் மனைவியோடு காலாற நடக்கப் போய் அவளை முந்திக்கொண்டு வீடு திரும்பி, காபி போட்டுக் குடித்துவிட்டு, ‘எங்கே இன்னும் காணோம்?’ என்று வாசலில் நின்றவர், நாற்பதில் பூங்காவில் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் ஓவர்டேக் செய்தவர், ஐம்பதில் டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து நோயாளியிடம் ‘உங்களுக்கு பிரஷர் எவ்வளவு?’ என்று கேட்டு, தன்னுடையது குறைவு என்றால் கைகுலுக்கிவிட்டு வந்தவர். அறுபதில் யோகாவுக்கு வந்தார்.

பாவம், யோகா.

வகுப்பு ஒரு தையற்கடையின் மாடியில். டீச்சரம்மா இளவயசுக்காரி, ஆனால் விவரமானவள். கீழே ஆளுக்குத் தகுந்தபடி சட்டை தைத்தார்கள் என்றால் மேலே இவள் வயதுக்குத் தகுந்தபடி பயிற்சி தைத்தாள். சனிக்கிழமை குழந்தைகள் வரும். பூனையாக வளைந்து, தவளையாகக் குதித்து, சிரித்துக்கொண்டே போகும். காலையில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் சுவரோரம் தலையணையில் சாய்ந்து மூச்சுப் பழகுவார்கள். சாயங்காலம் பெரியவர்களுக்கு. அவர்களுக்கு நாற்காலி போட்டுவைத்திருப்பாள்.

நாற்காலியைப் பார்த்ததும் நம்மவருக்கு வந்ததே கோபம்!

“என்னம்மா இது? நாற்காலியில உக்கார்றதுக்கு இங்க எதுக்கு வரணும்? என் ஆபீஸ்லயே ஆறு கிடக்கே.”

“ஐயா, இந்த வயசுல முட்டிக்கு இதுதான் நல்லது. முதுகு நிமிர்ந்தா போதும். காலைப் பின்னிக்கணும்னு அவசியமில்ல.”

“அவசியமில்லாததைச் செய்யறவன்தான்மா ஆம்பளை.”

அவருடைய மகளும் அதே மாடிக்குக் காலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள், தலைப்பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவளை அக்கறையாக விசாரித்தார்.

“உங்க வகுப்புல யாரும்மா ஃபர்ஸ்ட்?”

“அப்பா, அங்க ஃபர்ஸ்ட்டெல்லாம் கிடையாது.”

“கிடையாதா? அப்புறம் எதுக்கு மெனக்கெட்டுப் போறே?”

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கு அதில் என்ன சிரிப்பு என்று விளங்கவேயில்லை.

இந்த ஆளை மட்டும் வகுப்பில் விட்டிருந்தால் ஒருவேளை தன்னால் அடங்கியிருப்பார். ஆனால் மகளின் மாமனாரும் அதே வாரம் வந்து சேர்ந்தார். அவர் பல் டாக்டர். கையில் துளைபோடும் மெஷினை வைத்துக்கொண்டு, ‘பதற்றப்படாதீங்க, ஒண்ணுமே இல்ல’ என்று தாலாட்டுக் குரலில் சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவர். அவர் குரல் உயர்ந்து கேட்டவர் யாருமில்லை. நம்மவருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். சத்தம் போடுகிற சம்பந்தியைச் சமாளித்துவிடலாம். சாந்தமான சம்பந்தியை என்ன செய்வது?

“நேத்து தியானத்துல உக்காந்தேன், நேரம் போனதே தெரியல சம்பந்தி” என்பார் இவர்.

“அப்படியா? எனக்கு நேரம்னு ஒண்ணு இருக்குறதே மறந்துபோச்சு” என்பார் அவர், தாலாட்டிலேயே.

இப்படியே நாள் போய், மகளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரி பின்தெருவில்தான். பிரசவ அறைக்குள் புருஷனுக்கு மட்டும்தான் அனுமதி. மற்றவர்கள் கூப்பிடும்போது வந்தால் போதும் என்றுவிட்டார்கள். காரிலிருந்து இறங்கும்போது மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பெல்லாம் எங்கோ போயிருந்தது.

“அப்பா, பயமா இருக்குப்பா. பொறந்ததும் நீ உடனே வந்துடணும். உன் மூஞ்சியைப் பாத்தாத்தான் எனக்கு உயிர் வரும். எங்கயும் போயிடாதப்பா.”

“நீ கூப்பிடும்மா. அடுத்த நிமிஷம் கதவுகிட்ட நிப்பேன்.”

சொன்ன சொல் தவறாத மனுஷன் அவர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு வீட்டுக்காரர்களும் நம்மவர் வீட்டுக் கூடத்தில் காத்திருந்தார்கள். அம்மாக்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். நம்மவர் கால் தரையை மிதித்துக்கொண்டேயிருந்தது. தெருவில் ஹாரன் அடித்தால் ஒரு மிதி. பாத்திரம் உருண்டால் ஒரு மிதி.

“என்ன சம்பந்தி, நின்ன வீட்டுக்கு பிரேக் போடறீங்க?” என்றார் பல் டாக்டர். “பதற்றப்படாதீங்க. என்னைப் பாருங்க.”

பார்த்தார். எண்ணெய் தடவின மாதிரி வழவழவென்று அமைதி.

“பதற்றமா? எனக்கா? நான் சும்மா காலுக்குப் பயிற்சி குடுத்தேன்.”

“அப்போ கொஞ்சம் தியானத்துல உக்காருவோமா?”

“உக்காருவோமே. பத்மாசனத்துலயே உக்காருவோமே.”

பல் டாக்டர் முகம் லேசாக மாறியது. ஆனால் பின்வாங்கினால் அது பல் டாக்டரா?

இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். வலது காலைக் கையால் தூக்கி இடது தொடையில் வைத்து, இடது காலை வலது தொடைமேல் இழுத்து ஏற்றியபோது நம்மவர் முட்டியில் பழைய கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம். எதிரிலும் அதே சத்தம். இருவரும் அதைக் கேட்காதவர்கள்போலக் கண்ணை மூடினார்கள்.

பத்மாசனத்துக்குப் போகிற வழி நம்மவருக்குத் தெரியும். திரும்பி வருகிற வழியில் எப்போதும் டீச்சரம்மா கை கொடுத்துத்தான் பழக்கம். அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதலில் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பு போய்க் காலே இல்லாத மாதிரி ஆயிற்று. பிறகு இல்லாத காலில் வலித்தது. ஓரக்கண்ணால் எதிரே பார்த்தார். எதிர்ப்பக்கத்து ஓரக்கண் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டும் சட்டென்று மூடிக்கொண்டன.

போன் அடித்தது.

“பொண்ணு! பொண்ணு பொறந்திருக்கு! ரெண்டு பேரும் சுகம்!” நம்மவர் மனைவி கத்தினாள். “எழுந்திரிங்க, எழுந்திரிங்க! நம்ம பொண்ணு, அப்பா எங்கன்னு கேக்கறாளாம்!”

எழுந்திருக்க வேண்டுமே! இடுப்புக்குக் கீழே யாரோ சிமெண்ட் போட்டுப் பூசியிருந்தார்கள். ‘தூக்கி விடு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எதிரே அவர் உட்கார்ந்திருக்கிறாரே!

“நீங்க போங்க,” என்றார் நம்மவர், குரலில் தேனைத் தடவி. “நான் தியானத்தை முடிச்சிட்டு வர்றேன்.”

“நானும்தான். பாதியில கலைக்கக் கூடாது,” என்றார் பல் டாக்டர்.

“பேத்தி பொறந்திருக்கா, தியானமாம்!” நம்மவர் மனைவி செருப்பை மாட்டினாள். “வாங்க சம்பந்தியம்மா, நாம போவோம். ரெண்டும் சாமியாராப் போகட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது. வீடு அமைதியானது. உலகத்தில் அவ்வளவு மோசமான அமைதியை அவர் அதுவரை அனுபவித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் மகள் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் தலையைத் தூக்குவாள். நர்ஸ் வருவாள், அம்மா வருவாள், மாமியார் வருவாள். நம்மவர் எதிரே பார்த்தார். பல் டாக்டர் இன்னும் வழவழ. அறுபது வருஷமாக யாரிடமும் தோல்வியை ஒப்புக்கொள்ளாத மனுஷன், மூச்சை இழுத்தார்.

“சம்பந்தி, நான் தோத்துட்டேன். கால் மாட்டிக்கிச்சு. எடுத்து விடுங்க, என் பொண்ணைப் பாக்கணும்.”

வழவழப்பு அப்படியே உருகி வழிந்தது. “ஐயோ, இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு உயிரே போகுதே!”

“உங்களுக்குமா? எந்தக் கால்?”

“ரெண்டும்!”

அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு பேருமே தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போனது. இரண்டு பெரிய மனிதர்கள், மூட்டை கட்டின மாதிரி, பின்பக்கத்தாலேயே நகர்ந்து நகர்ந்து கூடத்தின் நடுவே சந்தித்தார்கள்.

“இழுக்காதீங்க! இழுக்காதீங்க!” என்றார் பல் டாக்டர். “கடவாய்ப்பல்லு மாதிரி, லேசா ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும்.”

“கிளட்ச்சை விடற மாதிரி மெதுவா விடுங்கய்யா! பட்டுனு விட்டா நின்னுடும்!”

“இது யார் கால்?”

“என்னுதுதான்... இல்ல, உங்களுது. எனக்கு எதுவுமே தெரியல.”

முதலில் ஒரு கால் கழன்றது. அதன் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துகொள்ளச் சற்று நேரம் பிடித்தது. மீதியும் கழன்றபின் சுவரைப் பிடித்து, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, பின்தெருவுக்குப் புதுக்கன்று மாதிரித் தள்ளாடிப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “எலும்பு டாக்டர் அந்தப் பக்கம்” என்றாள்.

“பிரசவம்மா, பிரசவம்!” என்றார் நம்மவர். அவள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

அறைக் கதவைத் திறந்தபோது மகள் தலையைத் தூக்கினாள். கண் கலங்கியிருந்தது.

“ஏம்ப்பா இவ்வளவு நேரம்? நீ வரவே மாட்டேன்னு நினைச்சேன்.”

போகிற வழியில் நாலைந்து காரணம் யோசித்து வைத்திருந்தார். அத்தனையையும் விட்டுவிட்டார்.

“உன் மாமனாரை ஜெயிக்கணும்னு பத்மாசனம் போட்டேன்மா. மாட்டிக்கிட்டேன்.”

“நானும்தான்மா,” என்றார் பல் டாக்டர் பின்னாலிருந்து.

அவள் ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. “ஐயோ, சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது,” என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். அழுதுகொண்டும் சிரித்தாள்.

நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். நம்மவர் கையை நீட்டப் போனவர், நின்றுவிட்டார்.

“சம்பந்தி, நீங்க முதல்ல வாங்குங்க.”

“சே சே, நீங்கதான் முதல்ல.”

“நான்தான் தோத்தேனே. விட்டுக் குடுக்கறேன், வாங்குங்க.”

“விட்டுக் குடுக்கறதுல நான் உங்களுக்குக் குறைஞ்சவனா? நீங்க வாங்குங்கன்னா!”

பார்த்தீர்களா? கால் கழன்றது, வியாதி கழலவில்லை. நர்ஸ் கை வலித்துக் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா!” என்றாள் மகள். “கையை நீட்டு.”

நீட்டினார். கைக்கு வந்தது ஒரு துணிச் சுருள். அதற்குள் ஒரு முகம். தன் வயிறு ஏறி இறங்கினால் குழந்தை எழுந்துவிடுமோ என்று அசையாமல் நின்றார். ஓரக்கண் எங்கும் போகவில்லை. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

“சம்பந்தி,” என்றார் பல் டாக்டர் காதோரமாக. “மூச்சு விடுங்க.”

விட்டார்.

இவ்வளவுதான் சாந்தப் பந்தயக்காரர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், உங்கள் அலுவலகத்திலும் இருப்பார், நன்றாகத் தேடினால் உங்கள் சட்டைக்குள்ளேயும் கிடைப்பார். என்ன, முதுகை நிமிர்த்தி உட்கார்கிறீர்கள்? ‘எனக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது, நான் ரொம்ப அமைதியானவன்’ என்கிறீர்களா? சந்தோஷம்.

யாரைவிட?